பனிக்குள் இறங்கிய லாரி

"எரியுற வூட்ல புடுங்குனவரைக்கும் லாபம்னு வாங்கிப் போட்டுக்கினா பாரு!" என்றார் டீக்கடை தாண்டவராயன்.

அவர் மட்டுமில்லை, புதூர்நாட்டில் ராஜேஸ்வரியைத் திட்டாத வாயே இல்லை.

மலைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு நடத்தும் சாமைக் கம்பெனி. ஒரு பங்கு ஆயிரம் ரூபாய். அதில் வசந்திக்கு இருந்த பத்துப் பங்கையும் ராஜேஸ்வரி நானூறு நானூறாக வாங்கிவிட்டாள்.

எல்லாம் அந்தப் பனியால் வந்தது.

விடிகாலையில் மலை முழுக்கப் பாலை ஊற்றி வைத்த மாதிரி பனி. அதற்குள் ஒரு லாரி மிதந்துகொண்டு கீழே இறங்கியது. தார்ப்பாய்க்கு வெளியே கம்பெனியின் சாமை தீட்டும் மெஷின் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்த தாண்டவராயன் பார்த்தார்.

"கம்பெனி மெஷினு எறங்குது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மலையில் சேதி நடந்து போகாது, உருண்டு போகும். உருள உருள மண் ஒட்டும்.

அடுத்த ஊரில், "மேனேஜரு மெஷினை வித்துட்டாராம்."

அதற்கடுத்த ஊரில், "மேனேஜரே ஓடிட்டாராம்."

மேனேஜர் விஜயராஜுக்குப் போன் போட்டுக் கேட்கலாமென்றால், டவரும் பனிக்குள் எங்கேயோ தொலைந்திருந்தது.

மத்தியானம் பங்கு எண்ணூறு. சாயங்காலம் ஐந்நூறு. மறுநாள் கேட்க ஆளில்லை.

குடோனில் சாமை மூட்டைகள் கூரை வரைக்கும் அப்படியேதான் தூங்கிக்கொண்டிருந்தன. எட்டிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வசந்தி மகள் பூவிழிக்கு அப்போதுதான் நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் நாலாயிரம் கட்டாவிட்டால் சீட்டு போய்விடும். வசந்தி பங்குப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினாள்.

"செத்த மாட்டுக்கு வெலை கேக்குறியே வசந்தி!" என்று சிரித்தார் தாண்டவராயன்.

ராஜேஸ்வரி மட்டும்தான் பேரம் பேசினாள்.

"முந்நூறு."

"ஆயிரம் போட்டு வாங்குனதுக்கா!"

"சரி, நானூறு. இஷ்டம்னா குடு. இல்லன்னா எடுத்துக்கினு போ."

வசந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொடுத்தாள். பூவிழி ஜீப்பில் ஏறிப் போனாள். பனி அவளையும் மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் அதே லாரி மேலே ஏறி வந்தது. மெஷின் பளபளவென்றிருந்தது. முன் சீட்டில் விஜயராஜ்.

"திருப்பத்தூருக்கு ரிப்பேருக்கு எடுத்துக்கினு போனேன். அதுக்கா இம்மாங் கூத்து?"

இப்போது வேறு சேதி உருண்டது. "நம்ம சாமை வெளிநாட்டுக்குப் போவுதாம்!"

பங்கு ரெண்டாயிரம்!

குடோனில் ஒரு மூட்டை கூடவுமில்லை, குறையவுமில்லை.

வசந்தி நேரே ராஜேஸ்வரி வாசலுக்குப் போனாள்.

"மெஷினு திரும்பி வரும்னு உனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதானே என் வயித்துல அடிச்சே? நீ நல்லா இருப்பியாக்கா?"

முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த ராஜேஸ்வரி நிமிரவில்லை.

"எனக்கு இன்னாடி தெரியும்? கம்பெனி போயே போச்சுன்னுதான் நானும் நெனச்சேன். பூவிழிக்குன்னு சும்மா குடுத்தா நீ கை நீட்டி வாங்க மாட்டியே."