எங்க பக்கம் சரிதான்

"தப்பு எங்க சர்வர்ல இல்ல சார். மெஷின்காரங்களைக் கேளுங்க."

காலையிலிருந்து கேட்டுக் கேட்டு நெட்வொர்க் டெக்னீஷியனுக்குப் புளித்துப்போன பதில். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் புது மெஷினை மாட்டியாயிற்று. அது தனக்கொரு நெட்வொர்க் முகவரி கேட்கிறது. சர்வரும் கொடுக்கிறது. மெஷின் வாங்கிக்கொண்டால்தானே? முகவரி கிடைக்காதவரை ரிசல்ட் எல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயேதான் கிடக்கும். சாயங்காலம் ஆபரேஷனுக்குப் போகவேண்டிய ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டும் அதில்தான். அவளுடைய அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

போனில் ஒரு குழந்தை வீறிட்டது.

"ஸாரி சார், வீட்லேருந்து வேலை" என்றார் சர்வர் கம்பெனி இன்ஜினீயர்.

டெக்னீஷியன் மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டார். எடுத்தது ஒரு பெண் இன்ஜினீயர்.

"எங்க மெஷின் ஒழுங்காத்தான் கேக்குது சார். இன்னும் முகவரியே இல்லாத மெஷின், அதுக்குன்னு தனியா பதில் அனுப்பினா எப்படிப் போய்ச் சேரும்? பொதுவா, எல்லாருக்கும் கேக்குற மாதிரி அனுப்பணும். சர்வர் பக்கம் எப்பவும் இப்படித்தான், வாய்க்குள்ளயே முனகுவாங்க."

அங்கேயும் குழந்தை அழுதது. பாவம், இந்தக் காலத்தில் எல்லார் வீடும் ஆபீஸ்தான்.

மூன்றாவது முறையும் இப்படிப் பந்தாடியபோது டெக்னீஷியனுக்குப் பொறுமை போயிற்று. இருவரையும் ஒரே லைனில் இழுத்துப்போட்டார்.

"மத்த மெஷினெல்லாம் வாங்கிக்குதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க சார்."

"எத்தனை தடவை சொன்னாலும் ஏறாதான்னு அவரைக் கேளுங்க சார்."

"ரெண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிடறேன்! யார் தப்புன்னு அப்புறம் பேசிக்கலாம். யாராவது ஒருத்தர் இறங்கி வாங்க. ஒரு பொண்ணு ஆபரேஷனுக்குக் காத்துக்கிட்டிருக்கா."

லைனில் குழந்தையின் அழுகை கேட்டது.

"சரி, இந்த ஒரு மெஷினுக்கு மட்டும் பொதுவா அனுப்பறேன்" என்றார் சர்வர் இன்ஜினீயர், வேண்டா வெறுப்பாக.

மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. முதல் ரிப்போர்ட்டை அண்ணன் ஏறக்குறையப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

டெக்னீஷியன் நாற்காலியில் சாய்ந்தார். அடித்துப்போட்டாற்போல் இருந்தது உடம்பு.

"ரொம்ப நன்றிங்க. ரெண்டு வீட்லயும் குழந்தைங்க அழுது ஓய்ஞ்சுபோச்சுங்க. முதல்ல போய்த் தூக்குங்க."

இரண்டு குரல்களும் ஒரே நேரத்தில் வந்தன.

"இன்னிக்கு அவ டர்ன் சார்!"

"இன்னிக்கு அவர் டர்ன் சார்!"