முக்கால் எழுதிய கெர்னல்

“செத்துடுச்சா?”

அறைக்குள் தலையை நீட்டிய மேனேஜரின் குரலில் அப்படியொரு பரிவு.

“மூச்சு இருக்கு சார். கூப்பிட்டா முனகுது. பேச்சுதான் வரல” என்றான் முக்கால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பேச வேண்டியது மூலையில் நின்ற மிஷின். கம்பெனி அனுப்பும் பெட்டிகளுக்கெல்லாம் லேபிள் அச்சடிப்பது அதுதான். அதற்குத் தெரிந்த ஒரே பாஷை, உலகமே கைகழுவிவிட்ட ஒரு பழைய நெட்வொர்க் புரோட்டோகால். ஆபீஸ் கணினிகளைப் புதிதாக்கியதும் அதோடு பேச நாதியில்லை. அந்தப் பாஷையைப் புதிய கணினிகளின் மைய நிரலான கெர்னலுக்குள் எழுதிச் சேர்ப்பது முக்காலின் தலையில் விழுந்தது.

கெர்னலைத் தொடுவது கணினியின் அடிமடியிலேயே கைவைக்கிற வேலை. ஓர் எழுத்து பிசகினால் மொத்தமும் மல்லாந்துவிடும். காலையிலிருந்து மல்லாந்துகொண்டேதான் இருந்தது. மிஷினோ, கூப்பிட்ட மாத்திரத்தில் பதில் வராவிட்டால் கோபக்காரச் சம்பந்தி மாதிரி முறுக்கிக்கொண்டு இணைப்பை அறுத்துவிடும். மறுபடி வணக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

“முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடுப்பா. யாரும் தப்பா நினைக்க மாட்டோம்” என்றார் மேனேஜர், மிஷின் நின்ற இடத்தை டேப் பிடித்து அளந்தபடி.

“முடிச்சிடறேன் சார்” என்று முக்கால் இன்னும் வேகமாகத் தட்டினான். எதை எடுத்தாலும் முக்கால்வாசியில் விட்டுவிடுவான் என்று ஆபீஸே கூடி வைத்த பெயர் அது. அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, “இதை முடி, வேலையை நிரந்தரமாக்குறேன்” என்று சொன்ன ஒரே மனிதர் இவர்.

செல்போன் அடித்தது. அக்கா வீட்டுக்காரர்.

“என்ன மாப்ள, இதுவும் முக்கால்தானா? எங்க வீட்டு சோபாவுக்கு எப்பதான் விடுதலை?”

“வேலை நிரந்தரமானதும் வீடு பார்த்துடறேன் மாமா. வைங்க.”

கண் எரிந்தது. எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்ததில், போகிற போக்கில் ஒன்று உறைத்தது. இந்தக் கிழட்டு மிஷின் எண்களைப் பின்பக்கத்திலிருந்து படிக்கிறது! திருப்பிப் போட்டான்.

மிஷின் ஒரு முறை இருமியது. கரகரவென்று ஒரு லேபிள் நீண்டது. பின்னாலேயே இன்னொன்று.

சத்தம் கேட்டு முதலாளியே வந்துவிட்டார். லேபிளைத் தடவிப் பார்த்தார்.

“அட, பழசே ஓடுதே! நல்லவேளை, இவர் பேச்சைக் கேட்டுப் புதுசு வாங்கக் கையெழுத்துப் போட இருந்தேன்” என்று பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

முக்காலுக்கும் கலங்கியது. “உங்க நம்பிக்கையைக் காப்பாத்திட்டேன் சார்.”

“காப்பாத்துனியா? எதையுமே முடிக்க மாட்டேன்னு நம்பித்தானேப்பா உன்கிட்ட குடுத்தேன்!”