பூச்சு

பிச்சம்மாளின் இடுப்பில் வைத்த செயற்கை மூட்டை எலும்பு நன்றாகக் கவ்விக்கொண்டதென்று டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். அவள் புருஷன் சுடலைமுத்து நம்பவில்லை.

"இரும்ப எலும்பு எப்படி சேத்துக்கிடும்?"

"மேல எலும்போட உப்பையே பூசியிருக்கோம், அய்யா. தன்னோடதுன்னு நெனச்சு ஒட்டிக்கிடும்."

"அப்ப எலும்ப ஏமாத்துறீரு."

டாக்டர் சிரித்தார். இனி கம்பு வேண்டாம், யாராவது பிடித்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார்.

"வழுக்கி விழுந்தேன்னு நான் ஊர ஏமாத்துனதவிடவா?" என்றாள் பிச்சம்மாள்.

சோற்றில் கல் கடிபட்டதற்காக அன்றைக்கு அவளைப் பிடித்துத் தள்ளியவர் சுடலைமுத்துதான். இடது கையை நீட்டினார்.

"இது எதுக்கு? தள்ளின கையக் குடுங்க."

பாதி எழுந்தபடி அவள் காத்திருந்தாள். வேட்டியைப் பற்றியிருந்த வலது கை அசையவில்லை.