மணல் வாளியில் போன்

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சீவரத்தினம் அன்பளிப்பாகக் கொடுத்த கைத்தொலைபேசியை ஆயா செல்லம்மா மணல் வாளியில் போட்டுப் புதைத்துவிட்டாள் என்ற செய்தி, காலையில் ஆள் பேர் கூப்பிடும் பெரட்டு கலைவதற்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். லிங்கி ஊருக்குப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் மேனேஜரையும் கிராணியையும் விட்டால் வேறு யாரிடமும் கைத்தொலைபேசி கிடையாது. கிராணி புதிதாக ஒன்று வாங்கியதும், பழையதை, வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைச் செல்லம்மா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகைக்குக் கொடுத்தார். குழந்தைகளுக்கு அவசரம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் பேசலாமே என்றார். அவருக்கு மாலை போட்டுப் படம் பிடித்தார்கள். தாய்மார்கள் கண் கலங்கினார்கள்.

அப்பேர்ப்பட்ட போனைத்தான் இவள் மணலில் போட்டாள். நன்றி கெட்டவள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயமே பேசியது.

ஆபீஸுக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். செல்லம்மா நடந்ததைச் சொன்னாள். நேற்று மத்தியானம் சார்ஜ் ஏறும்போதே பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்துகொண்டது. தொட்டால் கை சுட்டது. பிளக் இருந்ததோ தொட்டில்களுக்கு நடுவில். பதினொரு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. ஒயரைப் பிடுங்கி, போனைச் சாக்கில் பிடித்து வெளியே ஓடி, தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிக்குள் போட்டாள்.

"போன் எண்டால் சூடாகத்தான் செய்யும். புதுச் சாமானைக் கண்டு நீ பயந்ததுக்கு ஒரு கதையா?" என்றார் கிராணி.

மன்னிப்புக் கடிதம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டால் கொட்டகை வேலை. இல்லாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம்.

"கையெழுத்தப் போட்டுட்டு வா லா," என்று காதோரம் சொன்னார் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் மாயாண்டி.

செல்லம்மா கடிதத்தைப் பார்த்தாள். ஆனாலும் பேனாவைத் தொடவில்லை.

"பதினொரு பிள்ளைங்கள என்னை நம்பி விட்டுட்டுப் போறாங்கய்யா. அதுங்கள காப்பாத்துனதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

விசாரணைக்காக மணலிலிருந்து எடுத்து வந்து மேசையில் போட்டிருந்த போனையும் சார்ஜரையும் கிராணி பக்கமாகத் தள்ளினாள்.

"இத இப்ப உங்க மேசையிலயே சார்ஜ் போடுங்க. நீங்க நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாது. நானும் இங்கயே நிக்கிறேன். ஒரு மணி நேரம் ஒண்ணும் ஆகலேன்னா, நீங்க சொல்ற எடத்துல கையெழுத்துப் போடுறேன்."

பிளக் கிராணியின் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒயரை எடுத்தார். வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைக்கு மேல் வேலை கிடப்பதாகவும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் முணுமுணுத்தார்.

"இப்பவே பாத்துருவோம்யா," என்றாள் செல்லம்மா.

அந்த நேரம் பார்த்து, இடுப்பில் கைக்குழந்தையோடு அவருக்குத் தேநீர் கொண்டுவந்தாள் கிராணியின் மனைவி பாலேஸ்வரி. மேசையில் கிடந்ததைக் கண்டதும் வாசலிலேயே நின்று, குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"இதை இன்னும் எறியேல்லையே? வெடிச்சாலும் வெடிக்கும், பிள்ளை இருக்கிற வீட்டில வைக்கக் கூடாதெண்டு சொல்லி நீங்கள்தானே கொண்டு போனனீங்கள்?"