தொற்றில்லாத சாவு

தொற்றுநோய் என்ற சொல்லுக்குப் புதுப் பொருள் எழுதியவர் சுகாதாரத் துறை அதிகாரி சபாபதி. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் எதுவும் தொற்றுநோயே என்றது அவருடைய அரசாணை. அன்றிலிருந்து பிள்ளைகள் கொட்டாவி விட்ட வகுப்பறைகளுக்குப் பூட்டு விழுந்தது. தியேட்டரில் சேர்ந்து சிரித்தவர்கள் ஏழு நாள் வீட்டில் அடைந்து கிடந்தார்கள். துக்க வீட்டில் ஒருவர் அழுகை மற்றவரைத் தொற்றுகிறதா என்று பார்ப்பது ஆய்வாளர் கதிரேசனின் வேலை. அவர் தலையைக் கண்டதும் அழுதவர்களைக் கொல்லை வழியாக அனுப்பிவிடுவார்கள்.

இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் சபாபதியே படுத்திருந்தார். மனைவி விசாலம்மாள் மட்டும் அழுதார். வந்தவர்கள் மாலையைப் போட்டுவிட்டு, நாற்காலியை மின்விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு போன் பார்த்தார்கள். வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று மகன் விசாரித்தான்.

எடுக்கும் நேரம் வந்தது. கதிரேசன், ‘தொற்று இல்லை’ என்று எழுதிய தாளை நீட்டினார். மற்ற வீடுகளில் அதற்காகக் காலில் விழுவார்கள்.

விசாலம்மாள் வாங்கவில்லை.

“வாசல்ல ஒட்டுற தாளு தம்பி. ஒருத்தருக்காவது தொத்துச்சுன்னு போடுங்க.”

“யாரும் அழலியேம்மா. பொய்யா எழுதினா வேலை போயிரும். ஐயா போட்ட சட்டம்.”

விசாலம்மாள் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

“அப்போ உங்களுக்குத் தொத்துச்சுன்னு போட்டுக்கங்க. ஏழு நாள் லீவு கிடைக்கும்ல.”

கதிரேசன் பேனா மூடியைத் திறந்தார்.