கல்வெட்டின் ஐந்தாம் பக்கம்

அடைக்கலம் கேட்டு வந்தவளிடம், போராளி இயக்கத்தில் இருந்தாயா என்று கேட்டார் அதிகாரி.

அதிகாரியின் மேசையில் அப்பாவின் கல்வெட்டு விரிந்து கிடந்தது. அவர் செத்த முப்பத்தோராம் நாளுக்கு ஊரில் அச்சடித்துக் கொடுத்த சின்ன நினைவுப் புத்தகம்.

அவளே கொண்டுவந்து நீட்டியதுதான். யாரும் கேட்கவில்லை.

நாலாம் பக்கத்துக்காக நீட்டினாள். இயக்கமென்று சந்தேகித்து அவளைத் தேடி வந்த இராணுவச் சீருடைக்காரர்கள் அப்பாவைக் கொண்டுபோனதும், மூன்றாம் நாள் உடலாகத் தந்ததும் அதில் தேதியோடு இருந்தன.

ஐந்தாம் பக்கத்தை அவள் புரட்டவில்லை. அதிகாரி புரட்டியிருந்தார்.

அங்கே தில்லையம்பலம் சித்தப்பாவின் பாட்டு. அதில் அவளுக்கும் ஓர் அடி. களம்புகுந்த வீரமகள்.

வீரமகளாம்!

வீட்டுக்கு ஓர் ஆள் கேட்டு இயக்கம் வந்த அன்று, நெல் மூட்டைகளுக்குப் பின்னால் மூச்சடக்கிக் கிடந்தவள். காலில் எலி ஏறியும் கத்தவில்லை. அவள் வீரம் அவ்வளவுதான்.

சித்தப்பாவை நோவானேன்? கல்வெட்டென்றால் அப்படித்தான். வேறொரு கல்வெட்டில், வேலிச் சண்டைக்கு நாற்பது வருடம் கோர்ட்டுப் படியேறிய மனுசனைச் சமாதானப் பிரியர் என்று எழுதிய கை அது. ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. வடையோடு வாங்கிக்கொண்டு போனார்கள்.

இந்த நாட்டிலோ இயக்கம் பயங்கரவாதிகள் பட்டியலில் இருக்கிறது. அதில் இருந்தவருக்கு அடைக்கலம் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் அவள் பக்கம் சாய்ந்தார்.

"தங்கச்சி, நாலாம் பக்கம் உண்மை, அஞ்சாம் பக்கம் மட்டும் பொய்யோ எண்டு கேக்கிறார்."

பொய் என்றால் அப்பாவின் சாவையும் நம்பமாட்டார்கள். உண்மை என்றால் அவள் பயங்கரவாதி.

இரண்டுக்கும் ஊருக்குத் திருப்பியனுப்பும் ஒரே விமானம்தான்.

கடைசியில், பாட்டு மட்டும் பொய் என்றாள்.

அப்படியானால் எழுதியவரையே கேட்போம், அவர் பொய்யென்று சொன்னால் எனக்குப் போதும் என்றார் அதிகாரி. நல்ல மனுசன். தொலைபேசி இலக்கத்தை அவளிடமே வாங்கினார். பேசக்கூடாது என்று அவளுக்கு விரலால் காட்டிவிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டார்.

இரண்டாவது மணியிலேயே சித்தப்பா எடுத்தார்.

வெளிநாட்டு அதிகாரி ஒருவர் தன் பாட்டை விசாரிக்கிறார் என்பதை முதலில் அவர் நம்பவில்லை. நம்பியதும் அங்கே யாரையோ அதட்டி வானொலியை நிறுத்தச் சொன்னார்.

ஒரு சொல்லும் பொய்யில்லையாம். வேண்டுமானால் பாடியே காட்டுவாராம்.

தொண்டையைச் செருமும் சத்தம்.

முதலடியை ராகத்தோடு எடுத்தார். மொழிபெயர்ப்பாளர் பேனாவைத் திறந்தார்.

அவள் வருவது மூன்றாம் அடியில்.