பெற்றுக்கொண்டவர் முனியாண்டி

‘பெற்றுக்கொண்டவர்: முனியாண்டி’ என்று கைப்பேசியில் பார்த்ததும் திவாகரன் ஆத்திரத்தோடு தாமான் குடியிருப்பின் வாசலுக்கு ஓடினான்.

ஆன்லைனில் வாங்கிய இரண்டு துரைத் தொப்பிகள், வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. சுங்கைப் பட்டாணி வரை வந்த பார்சல், யாருக்கும் காரணம் தெரியாமல் ஜொகூருக்குத் திரும்பிப் போய் மறுபடி வந்திருந்தது.

வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகா முனியாண்டி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, என் பார்சல் எங்க?”

“எங்கிட்ட யாரும் எதுவும் குடுக்கல, தம்பி.”

“மழுப்பாதீங்கண்ணே! வீட்டுல ஆள் இல்ல, முனியாண்டிகிட்ட குடுத்துடுன்னு நான்தான் மெசேஜ் போட்டேன். உங்க பேருதான் போட்டிருக்கு!”

“சாமி சத்தியமா நான் வாங்கல லா!”

திவாகரன் பார்சல்காரனை போனில் பிடித்துக் கத்தினான்.

“நீங்க சொன்ன ஆள்கிட்டதான் குடுத்தேண்ணே” என்றான் அவன். “நான் பாடாங் செராய்க்காரன். இந்தப் பக்கம் புதுசு. முனியாண்டி எங்கன்னு கடையில கேட்டேன், முச்சந்தி மரத்தடின்னு காட்டுனாங்க. கும்பிட்டுட்டுத்தான் வச்சேன்.”

திவாகரனும் ஜாகாவும் முச்சந்திக்கு ஓடினார்கள்.

மரத்தடியில் பூசாரி முனியாண்டி சாமி சிலைக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். முறுக்கு மீசை, கையில் அரிவாள், வாயில் சுருட்டு, தலையில் துரைத் தொப்பி. இன்னொரு தொப்பி பக்கத்தில் நின்ற சிலைக் குதிரையின் தலையில்.

“யாரோ புண்ணியவானோட வேண்டுதல்” என்று பூசாரி தட்டை நீட்டினார்.

ஜாகா கன்னத்தில் போட்டுக்கொண்டு திவாகரன் பக்கம் திரும்பினார்.

“எங்கிட்ட கத்துன மாதிரியே அவருகிட்டயும் கேளுங்க, தம்பி.”